தூங்கும் முகம்

ஷேக்ஸ்பியரின் ‘மேக்பெத்’ நாடகத்தில் அரசர் டங்கனைக் கொல்ல லேடி மேக்பெத்தின் கையே போதுமாக இருந்தது. காவலர்களுக்கு மயக்க மருந்து கலந்து கொடுத்தாயிற்று. கத்திகளைக் கணவன் கண்ணில் படும்படி எடுத்து வைத்தவளும் அவள்தான். எதிரே அரசர் தூங்கிக்கொண்டிருக்கிறார். ஆனாலும் திரும்பி வந்துவிடுகிறாள். தூக்கத்தில் அவர் அவளுடைய அப்பா மாதிரி இருந்தாராம். இல்லையென்றால் தானே முடித்திருப்பாளாம். ஒரே வாக்கியம். நாடகம் அங்கே நிற்காமல் ஓடிவிடுகிறது. எனக்குத்தான் அந்த இடத்தைவிட்டு நகர முடியவில்லை.

இத்தனைக்கும், சொன்ன சொல்லுக்காகப் பால் குடிக்கும் குழந்தையைக்கூட மார்பிலிருந்து பிடுங்கி அடித்துக் கொல்வேன் என்று சற்று முன்புதான் கணவனை உசுப்பியிருந்தாள். உறவினர், விருந்தாளி, நல்ல அரசர் என்று மேக்பெத்தின் தயக்கத்துக்கு வலுவான காரணங்கள் இருந்தன. ஒன்றையும் அவள் பொருட்படுத்தவில்லை. உபசரிப்பில் மகிழ்ந்த டங்கன் அவளுக்கென்று ஒரு வைரத்தைக் கொடுத்தனுப்பிவிட்டுத்தான் படுக்கப் போனார். இவை எதற்கும் அசையாதவளை ஒரு முகச்சாயல் தடுத்தது.

தூங்குகிறவர்களைத் தாண்டக் கூடாது என்பாள் எங்கள் பாட்டி. மத்தியானத்தில் தாத்தா நடையில் துண்டை விரித்துப் படுத்துவிட்டால், நாங்கள் கொல்லைப்புறமாகச் சுற்றித்தான் தெருவுக்குப் போக வேண்டும். விழித்திருக்கும்போது அவரை நிமிர்ந்து பார்க்கவே பயம். தூங்கும்போது மட்டும் அருகே போய்ப் பார்ப்பேன். கண்ணாடியைக் கழற்றியதும் மூக்கின் இரண்டு பக்கமும் சிவந்த தடம் தெரியும். வாய் லேசாகத் திறந்திருக்கும். இவருக்கா பயந்தோம் என்று பாவமாக இருக்கும். லேடி மேக்பெத்தின் அப்பாவைப் பற்றி ஷேக்ஸ்பியர் வேறெதுவும் சொல்வதில்லை. அவளும் சிறுமியாக இருந்தபோது இப்படித்தான் பார்த்திருப்பாள் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன்.

சின்ன வயதில் ராஜாஜியின் வியாசர் விருந்தில் அசுவத்தாமன் கதையைப் படித்தது அரைகுறையாக நினைவிருக்கிறது. தூங்குகிறவர்களைக் கொல்வது அதர்மம் என்று கிருபர் சொல்லியும் கேட்காமல் இரவில் பாசறைக்குள் நுழைகிறான். திரௌபதியின் பிள்ளைகள் தூக்கத்திலேயே சாகிறார்கள். அவனை அங்கே அனுப்பியதும் ஓர் அப்பாவின் முகம்தானே? தன் அப்பா துரோணரை நினைத்து அவன் வெட்டினான். தன் அப்பாவை நினைத்து லேடி மேக்பெத் கையை இழுத்துக்கொண்டாள். அப்படியானால் பாசத்தை நம்பி என்னதான் முடிவு செய்வது?

வரலாற்று டங்கன் கிழவரே அல்ல. 1040இல் போரில் இறந்தார். அதன்பின் மேக்பெத் 17 ஆண்டுகள் ஆண்டான். அவரைக் கிழவராக்கித் தூங்க வைத்தது நாடகம். நரைத்த தலை இல்லாவிட்டால் அந்தத் தயக்கத்துக்கே இடமில்லை.

எனக்குத் தெரிந்த ஒருவர், தம்மை வளர்த்து ஆளாக்கிய பெரியவரை ஒரு சங்கத்தின் தலைவர் பதவியிலிருந்து இறக்க எல்லா ஏற்பாடும் செய்தார். தீர்மானம் வந்த அன்று கூட்டத்துக்கு மட்டும் போகவில்லை. “அண்ணன் முகத்தப் பாத்தா என்னால முடியாதுங்க” என்றார். குரல் உண்மையாகவே தழுதழுத்தது. தீர்மானம் நிறைவேறியது. அண்ணனின் நாற்காலியில் அவர்தான் உட்கார்ந்தார்.

அன்றிரவு டங்கனும் பிழைக்கவில்லை. மனைவியால் முடியாததைக் கணவன் செய்தான். அதோடு விட்டிருந்தால்கூட அவளைப் புரிந்துகொள்வது சுலபம். மேக்பெத் பதறிப்போய்க் கத்திகளோடு வெளியே வந்துவிட, அவற்றை வாங்கிக்கொண்டு அவளே மறுபடி உள்ளே போகிறாள். காவலர்கள் மேல் ரத்தத்தைப் பூசுகிறாள். அதே அறை, அதே முகம். இப்போது என்ன பார்த்தாள்? வெளியே வந்து, கொஞ்சம் தண்ணீர் போதும், எல்லாம் கழுவிப் போய்விடும் என்கிறாள். பிறகு தூக்கத்தில் எழுந்து நடக்கும்போதுதான் அந்தக் கிழவரின் உடம்பில் இருந்த ரத்தத்தைப் பற்றிப் புலம்புகிறாள்.

அந்த முதல் தயக்கத்தை அவளுக்கு வரவு வைப்பதா? அப்பாவைப் போல் இல்லாத ஒருவர் அங்கே படுத்திருந்தால் குத்தியிருப்பாள் என்பதை அவளே ஒப்புக்கொள்கிறாள். சாயலை நம்பிப் பிழைக்கும் இரக்கம் எவ்வளவு தூரம் வரும் என்று கோபம் வருகிறது. ஆனால் டங்கனுக்காக நான் வருந்துவதும் தாத்தாவின் மூக்கில் பார்த்த தடத்தால்தானோ என்னவோ. அது இல்லாமல் அந்த அந்நிய அரசருக்காக என் மனம் இளகியிருக்குமா என்று கேட்டுப் பார்க்கிறேன். பதில் தெரியவில்லை.