பாதையின் உரிமையும் பந்த் நாளும்

 



பந்த் என்று அறிவித்துவிட்டால் ஊரே அடங்கிவிடுகிறது. கேரளத்தில் ஹர்த்தால் என்றால் தமிழகப் பேருந்துகள் வாளையாறிலும், களியக்காவிளையிலும், புளியரையிலும் நின்றுவிடுகின்றன. சிறுநீரகச் சுத்திகரிப்புக்குப் போக வேண்டிய நோயாளியும், அன்றைய கூலியை நம்பிய தொழிலாளியும் அதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

வேலைநிறுத்தமே கூடாது என்று மார்க்கம் சொல்கிறதா? இல்லை. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் இது. உரிமை மறுக்கப்பட்டவர் குரல் கொடுக்கலாம்; தன் கடையைத் தானே அடைக்கலாம். ஆனால் தன் கையைக் கட்டிக்கொள்வது வேறு, அடுத்தவர் காலைக் கட்டுவது வேறு. சட்டமும் இந்த வேறுபாட்டைப் பார்த்தது. மக்களைக் கட்டாயப்படுத்தி முடக்கும் பந்த் அரசியல் சட்டத்துக்கு எதிரானது என்று 1997-இல் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பிறகு பெயர்தான் ஹர்த்தால் என்று மாறியது.

'எங்கள் கோரிக்கை நியாயமானது, ஒருநாள் சிரமத்தைப் பொறுத்துக்கொள்ளக் கூடாதா?' என்று கேட்கிறார்கள். இதற்கான பதில் அபூதாவூதில் வரும் ஒரு நிகழ்ச்சியில் இருக்கிறது. முஆத் பின் அனஸ் (ரலி) அவர்கள் கலந்துகொண்ட ஒரு போர்ப் பயணத்தில், மக்கள் தங்குமிடங்களை நெருக்கிப் பாதையையும் அடைத்துவிட்டார்கள். உடனே நபி (ஸல்) அவர்கள் ஆளனுப்பி, இப்படிச் செய்பவருக்கு ஜிஹாதின் நன்மை இல்லை என்று அறிவிக்கச் செய்தார்கள். சிந்தித்துப் பாருங்கள்! அல்லாஹ்வின் பாதையில் புறப்பட்டவருக்கே மக்களின் பாதையை அடைக்க அனுமதி இல்லை. நமது கோரிக்கை அதைவிடப் பெரியதா?

இன்னொன்றையும் நாம் அஞ்ச வேண்டும். அடியார்களின் உரிமையைப் பறித்தவர், பாதிக்கப்பட்டவரிடமே மன்னிப்புக் கேட்க வேண்டும். பேருந்தின் மீது கல்லெறிந்த இளைஞர், அதற்குள் இருந்தவர்களை எங்கே போய்த் தேடுவார்? தொழுகையும் நோன்பும் ஜகாத்தும் கொண்டுவந்தும், பிறருக்கு இழைத்த அநீதியால் மறுமையில் அத்தனையும் இழந்து நிற்கும் திவாலானவரைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை முஸ்லிமில் காண்கிறோம். அழைப்பு நம் சமுதாயத்தின் பெயரால் வந்தாலும் இந்த எச்சரிக்கை மாறாது.

அப்படியானால் பந்த் நாளில் நம் வேலை என்ன? ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் வழிப்போக்கரையும் அல்லாஹ் சேர்த்திருக்கிறான். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை. எனவே பள்ளிவாசலைத் திறந்து வையுங்கள். பேருந்து நிலையத்தில் தவிப்பவர் எந்த மதத்தவரானாலும் தண்ணீரும் உணவும் கொடுங்கள். நோயாளிக்காக உங்கள் வண்டியை எடுங்கள். பிள்ளைகளைக் கல்லெறியும் கூட்டத்துக்கு அனுப்பாமல், இந்தப் பணிக்கு அனுப்புங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் கையாலும் நாவாலும் எவருடைய பாதையும் அடைபடாமல் காப்பாயாக! பாதிக்கப்பட்டோருக்கு நீதியை வழங்குவாயாக! ஆமீன்.