சேற்றுக்குள் தஸ்பீஹ்

பெரும்போகத்துக்கு வட்டையில் தண்ணீர் கட்டி ஓரிரு நாள் போனால் சேற்றுக்குள் ஒட்சிசன் தீர்ந்துவிடும். உயிர் அத்தோடு ஓய்ந்துவிடுவதில்லை. மண்ணைச் சிவப்பாக வைத்திருக்கும் இரும்பொட்சைட்டைக் கொண்டு சில பக்டீரியாக்கள் சுவாசிக்கத் தொடங்குகின்றன. திண்மக் கனிமத்தை உள்ளே இழுக்க அவற்றால் முடியாது. அதனால் உணவிலிருந்து பெற்ற இலத்திரனை உடலுக்கு வெளியே கொண்டுவந்து இரும்பின்மேல் இறக்குகின்றன. அப்படி ஒன்றை அமெரிக்காவின் பொட்டோமாக் ஆற்றுச் சேற்றிலிருந்து எடுத்து 1987இல் டெரெக் லவ்லி குழுவினர் விவரித்தார்கள். இலத்திரனைக் கடத்தும் புரதத்தின் நடுவிலும் இரும்புதான், நம் இரத்தத்தில் இருப்பதைப் போல.

நான் இரசாயனம் படிப்பித்தவன். அட்டாளைச்சேனையில் வாப்பாவின் காணியில் வேளாண்மை செய்கிறவன். சேறு சாம்பல் நிறத்துக்கு மாறினால் இரும்பு கரைகிறது என்று அறிவேன். அதோடு ஒட்டிக்கிடந்த பொசுபேற்றும் விடுபட்டுப் பயிருக்குக் கிடைக்கும். ஒரு நெற்பயிரைப் பிடுங்கிக் கழுவிப் பாருங்கள்: முதிர்ந்த வேரில் துரு படிந்திருக்கும், இளம் வேர்நுனி வெள்ளையாக இருக்கும். வேர் கசியவிடும் ஒட்சிசன் கரைந்த இரும்பைத் திரும்பத் துருவாக்கிவிடுகிறது. வடிச்சல் இல்லாத பள்ளக்காணியில் இரும்பு மிஞ்சினால் அதே பயிரின் இலை செம்பு நிறமாகிக் கருகும்.

சூரா அல்-ஹதீதின் 25ஆம் வசனம் இரும்பில் கடும் வலிமையும் மனிதருக்குப் பயன்களும் உண்டென்கிறது. குத்பாக்களில் வாளும் கலப்பையும் வரும். இந்தச் சேறு வருவதில்லை. பக்டீரியாவை குர்ஆன் முன்பே சொல்லிவிட்டது என்று நான் வாதாடவில்லை, அந்த வாதம் எனக்குப் பிடிப்பதுமில்லை. என் கேள்வி அந்த சூராவின் தொடக்கத்திலிருந்து வருகிறது: வானங்களிலும் பூமியிலும் உள்ளவை யாவும் அல்லாஹ்வைத் துதிக்கின்றன என்றால், இந்த இலத்திரன் இறக்கமும் தஸ்பீஹ் எனும் அந்தத் துதிதானா?

அறிவில்லாதவை தம் நிலையாலேயே, படைத்தவனுக்குச் சான்றாக நிற்பதாலேயே துதிக்கின்றன என்றார் குர்ஆன் விரிவுரையாளர் இமாம் ராஸி. உண்மையான துதியே என்றார் இன்னொரு விரிவுரையாளரான குர்துபி. நான் குர்துபி பக்கம். அவற்றின் துதி உங்களுக்கு விளங்காது என்று சூரா அல்-இஸ்ரா சொல்கிறது. சான்றாக நிற்பது மட்டும்தான் துதி என்றால் அது நமக்கு விளங்குமே! இந்த இலத்திரன் இறக்கத்துக்குக் கரும்பலகையில் நான் எழுதிக்காட்டிய சமன்பாடு அந்தச் சான்றில் சேரும், பிள்ளைகளுக்கும் அது விளங்கியது. வசனம் சொல்லும் துதி அந்தச் சமன்பாட்டுக்கு அப்பால் இருக்கிறது.