பட்டமும் பட்டாவும்

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து ஆயாவிடம் ஒப்பித்தேன். "தேடி வெதைக்க நெலம் வோணாமாடா கண்ணு?" என்றாள். பூந்தமல்லிப் பக்கத்தில் நாற்பது வருசம் நாத்து நட்ட கை அது. ஒரு சென்ட் நிலம் அவள் பேரில் இருந்ததில்லை. பழமொழி யாரைப் பார்த்துப் பேசுகிறது என்கிற கேள்வி அன்றைக்கு வந்தது.

எங்கள் பக்கம் சித்திரை வைகாசியில் சொர்ணவாரி, ஆடி ஆவணியில் சம்பா, மார்கழி தையில் நவரை. பெரும்பாலும் ஏரிப் பாசனம். ஐப்பசி கார்த்திகை மழையைப் பிடித்து வைத்தால்தான் நவரை. தும்பி தாழப் பறந்தால் மழை என்பாள் ஆயா. நாத்துக்கு எத்தனை நாள், எப்போது பிடுங்குவது என்று அவளைத்தான் கேட்பார்கள். ஆனால் ஊரில் பேசும்போது, "நான் சம்பா வச்சிருக்கேன்" என்பது வரப்பில் குடை பிடித்து நின்றவர். வச்சது யார்?

மடை திறந்து வயலுக்கு வயல் தண்ணி கட்டுகிறவரைச் செங்கல்பட்டுப் பக்கம் கம்புகட்டி என்பார்கள். பெரும்பாலும் சேரி ஆள். அவருக்குச் சொந்த நிலம் இல்லை, அதனால் ஓரவஞ்சனை பண்ண மாட்டார் என்று இதற்கு நியாயம் சொல்வார்கள். யோசித்துப் பாருங்கள். ஒருத்தனிடம் நிலத்தைக் கொடுக்காமல் வைத்திருப்பது அநீதி. அந்த அநீதியையே அவனுடைய தகுதியாக்கி, அவன் கையால் மற்றவர்களுக்குள் நீதி நடத்திக்கொள்வது? பங்கு பிரிக்கத் தெரிந்தவனுக்கு மட்டும் பங்கு கிடையாது.

இந்த அநியாயம் வெள்ளைக்காரக் கலெக்டர் கண்ணுக்கே தெரிந்தது. 1891இல் செங்கல்பட்டுக் கலெக்டர் டிரெமென்ஹீர் அறிக்கை கொடுத்தார். 1892இல் பஞ்சமி நில உத்தரவு வந்தது. நம் ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் அந்த நிலத்தை விற்க முடியாது. இருந்தும் கை மாறியது. அதைத் திருப்பிக் கேட்டு எழுந்த காரணைப் போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமஸும் ஏழுமலையும் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள்.

1960களில் ஆவடிக்கு டாங்கித் தொழிற்சாலை வந்தது, அம்பத்தூருக்குத் தொழிற்பேட்டை வந்தது. பிறகு எங்கு பார்த்தாலும் மனைப்பிரிவு. வயல் போச்சே, பச்சை போச்சே என்று எழுதுகிறவர்கள் நம்மையும் சேர்ந்து அழக் கூப்பிடுகிறார்கள். அழ வேண்டுமா?

ஆயாவின் பிள்ளைகள் ஷிப்டுக்குப் போனார்கள். சங்கு ஊதினால் வேலை முடிந்தது. களத்துமேட்டில் அப்படி முடியாது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நடந்த முதல் தலைமுறை அவர்கள். அந்த ஊர் போனதற்கு நான் அழ மாட்டேன்.

ஆனால் கணக்கு அதோடு தீரவில்லை. பட்டா இருந்தவர் மனை விற்றுப் பணம் பார்த்தார். பட்டம் தெரிந்தவளுக்கு அதில் ஒரு பைசா இல்லை. ஏரியையும் ஆற்றையும் ஒட்டிக் குடிசை போட்டுக்கொண்டவர்கள் யார்? 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டபோது அடையாற்றங்கரைக் குடிசைகளில் தண்ணி புகுந்தது. வெள்ளம் வடிந்ததும் ஆக்கிரமிப்பு என்று சொல்லி அந்தச் சனங்களைத்தான் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். ஏரிக்குள் எழும்பிய மாடி வீடுகளுக்கு அந்தப் பேர் அவ்வளவு சீக்கிரம் வருவதில்லை.

உழைப்புக்குக் கூலி கொடுத்தாயிற்று என்பார்கள். கூலி அன்றைய நடவுக்கு. தலைமுறை தலைமுறையாக மண்ணையும் மழையையும் தண்ணியையும் அறிந்து அந்த நிலத்தை விளையவைத்த அறிவுக்கு யார் என்ன கொடுத்தார்கள்? அந்த அறிவுக்கு மண்ணில் பாத்தியதை உண்டு என்பதே என் வாதம். பஞ்சமி நிலம் கேட்பது தானம் கேட்பதல்ல, பாக்கி கேட்பது.

பாக்கியைத் தீர்க்கட்டும். அப்புறம் பச்சைக்காக எல்லோரும் சேர்ந்தே அழுவோம்.