நம்பாடுவானும் மஹாவிச்வாஸமும்



கார்த்திகை மாதம் சுக்லபக்ஷ ஏகாதசி இரவில் திருவரங்கம் பெரிய கோயிலில் நம்பெருமாளுக்கு 360 வஸ்த்ரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாற்றப்படும். பிறகு ஸ்ரீபராசர பட்டர் திருவம்சத்தார் பெருமாள் திருமுன்பே நின்று கைசிக மாஹாத்ம்யத்தை வாசிப்பர். ஸகல லோகங்களுக்கும் நாயகனான எம்பெருமான் பனிக்காலத்து இரவில் உறங்காமலிருந்து கேட்டருளும் சரித்ரம் ஒரு சக்ரவர்த்தியின் சரித்ரமன்று, ரிஷியின் சரித்ரமுமன்று. ஊருக்கு வெளியே பிறந்து, ஊருக்கு வெளியே வாழ்ந்து, கோயிலுக்கும் வெளியே நின்று பாடிய ஒருவருடைய சரித்ரம் அது. வராஹ மூர்த்தி பூமிப் பிராட்டிக்கு அருளிச்செய்ததாக வராஹ புராணத்தில் உள்ளது.

புராணம் அவரைச் சண்டாள குலத்தவர் என்று கூசாமல் சொல்கிறது. ஸம்ப்ரதாயமோ அவரை நம்பாடுவான் என்று அழைக்கிறது. நம்மாழ்வார், நம்பெருமாள் என்னும் திருநாமங்களில் முன்னிற்கும் அதே ‘நம்’ இங்கும் முன்னிற்கிறது. எல்லோரும் விலக்கிய ஒருவரைப் பெரியோர்கள் ‘நம்மவர்’ என்று சேர்த்துக்கொண்ட சேர்க்கை அந்த ஈரெழுத்துச் சொல்லில் அடங்கியிருக்கிறது.

கதை அன்பர்கள் அறிந்ததே. திருக்குறுங்குடி மலைச்சாரலில் இரவுதோறும் வீணையுடன் சென்று நம்பியைப் பாடிவந்த அவர், ஒரு கைசிக ஏகாதசியன்று உபவாஸமிருந்து ஜாகரணத்துக்குப் புறப்பட்டார். வழியில் ப்ரஹ்மரக்ஷஸ் ஒன்று பிடித்துக்கொண்டது. பசியால் வாடிய அது அவரைத் தின்னப் போவதாகச் சொல்லிற்று. தின்னலாம், ஆனால் பாடி முடித்துத் திரும்பி வரும்வரை பொறுக்கவேண்டும் என்று அவர் கேட்டார். ரக்ஷஸ் சிரித்தது. உயிர் தப்பியவன் உயிரைக் கொடுக்கத் திரும்பி வருவானா? அவர் பதினெட்டு ஸபதங்கள் செய்தார். திரும்பாவிடில் இன்ன பாபம் செய்தவன் போகும் கதிக்குப் போகக்கடவேன் என்று ஒவ்வொன்றாக அடுக்கினார். ஸ்ரீமந் நாராயணனை மற்ற தேவதைகளோடு ஒப்பாக எண்ணுபவன் அடையும் கதியை நானும் அடைவேன் என்ற கடைசி ஸபதத்தைக் கேட்ட பிறகே ரக்ஷஸ் கையை விட்டது. அவர் போனார், பாடினார், திரும்பினார்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. பக்தி தாழ்த்தப்பட்டவரைத் தைரியசாலியாகவும் வாக்குத் தவறாதவராகவும் ஆக்குகிறது என்று உபந்யாஸங்களில் சொல்வது வழக்கம். அது மெய்தானா? மெய்யானால், பக்தி எதை ஆக்குகிறது, எது முன்பே இருந்தது?

சரித்ரத்தைக் கவனித்துப் படித்தால், நம்பாடுவான் முன்பு பயந்தாங்கொள்ளியாக இருந்தார் என்றோ பொய்யராக இருந்தார் என்றோ ஓரிடத்திலும் இல்லை. காட்டுவழியில், நள்ளிரவில், தனியே, பல ஆண்டுகளாகப் போய்வந்தவர் அவர். துணிவு அவரிடம் இருந்தது. இல்லாதிருந்தது வேறொன்று: அவருடைய வார்த்தைக்கு உலகத்தில் மதிப்பில்லை. ஸபதம் செய்பவனுக்கு ஜாமீன் வேண்டும். குலம், நிலம், பெயர், நாலுபேர் ஸாக்ஷி என்று எதையாவது ஈடாக வைத்துத்தான் மனிதன் வாக்குக் கொடுக்கிறான். தவறினால் அவற்றை இழப்பான் என்பதால் உலகம் அவனை நம்புகிறது. இழக்க ஒன்றுமில்லாதவனின் வாக்கை யார் ஏற்பார்? அவர் ஈடாக வைக்கக்கூடிய செல்வம் ஒன்றே ஒன்று. எம்பெருமானிடத்தில் தமக்கிருந்த அநந்யத்வம். அதையே கடைசியில் எடுத்து வைத்தார். உலகத்தார் மதிக்காத அந்த ஈட்டை ரக்ஷஸ் மதித்தது. முற்பிறவியில் வேதம் ஓதிய ப்ராஹ்மணனல்லவா, அதன் விலை அதற்குத் தெரிந்திருந்தது போலும்.

பாடிவிட்டுத் திரும்பும் வழியில் நடந்ததுதான் இன்னும் கனமானது. நம்பியே கிழவர் வேஷத்தில் எதிரே வந்து, வேறு வழியாக ஓடிப்போ, ப்ராணஸங்கடத்தில் பொய் சொல்வது பிழையாகாது என்று உபதேசிக்கிறார். இதற்கு சாஸ்த்ரத்திலேயே இடமுண்டு என்பதை வாசித்தவர்கள் அறிவார்கள். எனவே அந்தக் கிழவர் சொன்னது அதர்மமன்று, அநுமதிக்கப்பட்ட ஒரு சலுகை. அந்தச் சலுகையை அவர் வேண்டாமென்றார். பார்ப்பவர் யாருமில்லை, தவறினாலும் ஊரில் ஒருவரும் அறியப்போவதில்லை, அவரிடமிருந்து ஸத்யத்தை எதிர்பார்ப்பாரும் இல்லை. உயர்குலத்தோன் வாக்குத் தவறினால் குலத்துக்கு இழுக்கு என்பார்கள். இவர் தவறியிருந்தால் ‘இவனிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்’ என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். அந்த நிலையிலும் அவர் வந்த வழியே நடந்தார்.

மல்லனின் துணிவு வேறு, இந்தத் துணிவு வேறு. அந்த வேற்றுமையை எம்பெருமானார் காலத்துச் சரித்ரம் ஒன்று நன்றாகக் காட்டுகிறது. உறையூரில் அகளங்க சோழனிடம் சேவகம் செய்த மல்லர் வில்லிதாஸர். உடல்வலிக்கும் வீரத்துக்கும் அவரிடம் குறைவில்லை. ஆனால் அந்த வீரம் கூலிக்கு அரசனிடமும், மோஹத்தால் மனைவி பொன்னாச்சியாரின் கண்களிடமும் அடகாக இருந்தது. திருவிழாக் கூட்டத்தில் மனைவிக்குக் குடை பிடித்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு பின்னோக்கி நடந்தவரை ராமாநுஜர் பரிஹஸிக்கவில்லை. இதைவிட அழகிய கண்களைக் காட்டினால் அவற்றுக்கு அடிமையாவாயா என்று கேட்டுப் பெரிய பெருமாள் திருமுன்பே அழைத்துச் சென்றார். அன்றுமுதல் அவர் பிள்ளை உறங்காவில்லி தாஸர். பெருமாள் புறப்பாட்டின்போது அவர் உருவிய வாளுடன் முன்னே நடப்பார். எழுந்தருளுகையில் பெருமாளுக்கு ஏதேனும் தீங்கு நேர்ந்தால் அந்த வாளால் தம் உயிரையே மாய்த்துக்கொள்வது என்பது அவர் நினைவு. பிறரை வெட்டப் பழகிய வாள் தம்மை நோக்கித் திரும்பியது. இந்தப் பரிவைக் கண்டே பெரியோர்கள் அவரை மஹாமதிகள் என்று கொண்டாடினர். வீரம் புதிதாக உண்டாகவில்லை. அதன் உடைமைக்காரன் மாறினான்.

இதற்குத் தத்துவம் எளிது, அநுஷ்டானமே அரிது. சரணாகதிக்குச் சொல்லப்படும் அங்கங்களில் மஹாவிச்வாஸம் ஒன்று. ‘இவன் என்னைக் காப்பான்’ என்ற உறுதியே அது என்று பொதுவாகப் பொருள் சொல்வர். அந்த உறுதிக்கு அடியில் இன்னொன்று இருக்கிறது: நான் என்னுடையவன் அல்லேன் என்ற சேஷத்வ ஜ்ஞானம். பயம் என்பது என்னுடையது போய்விடுமே என்ற கவலை. உடலையும் மானத்தையும் தன்னுடைமையாகப் பிடித்துக்கொண்டிருப்பவனுக்கு அவை போகும் அச்சம் நீங்காது. உடையவன் வேறொருவன் என்று தெளிந்தவனுக்கு அவற்றைக் காவல் காக்கும் வேலை இல்லை. விலக்கப்பட்டவர்களிடம் இந்தத் தெளிவு விரைவில் பற்றிக்கொள்வதற்கும் காரணம் உண்டு. குலம், வித்தை, ஐச்வர்யம் என்னும் மூன்றும் தன்னைத் தனக்கே உரியவனாக நினைக்கச் செய்பவை. அவர்களுக்கு உலகம் அந்த மூன்றையும் கொடுக்கவில்லை. இதைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ‘ஆகவே அவர்கள் இல்லாமையிலேயே இருப்பது நல்லது’ என்று இதற்குப் பொருள் கொள்வது, பிறர் பட்டினியைப் பார்த்து உபவாஸ பலன் பேசுவது போன்றது.

ஸம்ப்ரதாயத்தில் மற்றொரு பக்கமும் உண்டு. மலர்களில் அதை அதிகம் எழுதுவதில்லை. ஆளவந்தாரின் சிஷ்யரான மாறனேரி நம்பி தாழ்ந்த குலத்தில் பிறந்தவர். அவர் பரமபதித்தபோது, அவர் கேட்டுக்கொண்டபடியே, பெரிய நம்பி தம் கையாலேயே சரம கைங்கர்யம் செய்தார். ஊர் பொறுக்கவில்லை. எம்பெருமானாரே காரணம் கேட்டபோது, பெருமாள் ஜடாயுவுக்குச் செய்ததை நம்பி நினைவூட்டினார்; பெருமாளைவிட நான் உயர்ந்தவனோ, பறவையைவிட இவர் தாழ்ந்தவரோ என்பது அவர் விடையின் கருத்து. ஊரார் அவர் திருமாளிகை வாசலில் முள்வேலி இட்டார்கள் என்றும், அவர் திருக்குமாரத்தி அத்துழாய் பெருமாள் திருமுன்பே முறையிட்டாள் என்றும் சரித்ரம். இங்கே விச்வாஸம் தைரியம் கொடுத்தது யாருக்கு? மாறனேரி நம்பிக்கு மட்டுமா? வேலிக்கு உள்ளே இருந்துகொண்டு செய்தது சரியே என்று நின்ற பெரிய நம்பிக்கு அதைவிட அதிகம் வேண்டியிருந்தது. விலக்கப்பட்டவருக்கு இழக்க ஒன்றுமில்லை. அவருக்கோ ஊரே இருந்தது.

மேல்கோட்டையிலும் அப்படியே. டில்லியிலிருந்து செல்வப்பிள்ளையை எழுந்தருளப்பண்ணிக்கொண்டு வருகையில் வழியில் கள்வர்கள் இடைமறித்தபோது உயிரைப் பொருட்படுத்தாமல் காத்துக்கொடுத்தவர்கள், ஊருக்குப் புறம்பே வாழ்ந்த எளிய குலத்தார் என்பது ஸம்ப்ரதாயம். ராமாநுஜர் அவர்களுக்குத் திருக்குலத்தார் என்று பெயரிட்டு, ஆண்டில் சில நாட்கள் கோயிலுக்குள் புகுந்து சேவிக்கும் உரிமையும் அளித்தார். அந்தக் காலத்துக்கு அது மிகப் பெரிய செயல். பின்வந்தோர் பல நூற்றாண்டுகள் அந்தச் சில நாட்களோடு ஒரு நாளைக்கூடச் சேர்க்கவில்லை. ஆசார்யன் திறந்த கதவை அவன் திறந்த அளவிலேயே பிடித்து நிறுத்திவிட்டு, அதற்கு மரபு என்று பெயரும் சொல்லிக்கொண்டார்கள்.

திருப்பாணாழ்வாரை லோகஸாரங்க முனிவர் தோளில் சுமந்து கொண்டுபோனதை எல்லோரும் அறிவார்கள். ஆழ்வாருக்குக் கோயில்தோறும் ஸந்நிதியும் நித்ய திருவாராதனமும் உண்டு. அதே கோயில்களின் வாசலில் அவர் குலத்தார் உள்ளே வரமுடியாமல் நின்ற காலமும் நீண்டது. திருவிதாங்கூரில் 1936-ஆம் ஆண்டுப் பிரகடனமும், சென்னை மாகாணத்தில் 1939, 1947 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களும் வந்த பிறகே கதவு திறந்தது. பாகவதனுடைய பிறப்பை ஆராய்வது கொடிய அபசாரம் என்று பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசநபூஷணத்தில் அருளிச்செய்தார். அவர் திருத்தம்பியார் அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் ஆசார்ய ஹ்ருதயத்தில் இத்தகைய அடியார்களைத் திரட்டியே எடுத்துக் காட்டினார். காலக்ஷேபம் கேட்டவர்கள் பலர். கேட்டதைச் செய்ய ராஜாங்கம் வந்து கதவைத் தள்ளவேண்டியிருந்தது என்பதை வெட்கத்தோடுதான் ஒப்புக்கொள்ளவேண்டும்.

திருக்குறுங்குடிக்கு யாத்திரை போனவர்கள் அங்கே கொடிமரம் நேர்க்கோட்டில் நில்லாமல் சற்றே விலகி நிற்பதைப் பார்த்திருப்பார்கள். வெளியே நின்ற நம்பாடுவான் ஸேவிப்பதற்காக நம்பி அதை விலகச் செய்தான் என்று ஐதிஹ்யம். கொடிமரம் விலகிற்று, மதில் விலகவில்லை. பெருமாள் தம்மால் ஆனதைச் செய்து காட்டிவிட்டு, மதிலை மனிதர்களுக்கு விட்டுவைத்தார் போலும்.

இனி ரக்ஷஸின் கதைக்கு வருவோம், ஏனெனில் இந்தப் புராணத்தில் உண்மையாகவே மாறியது அதுதான். அது முன்பு ஸோமசர்மா என்னும் ப்ராஹ்மணன். பொருளாசையால் யாகம் செய்யப் புகுந்து, மந்த்ர லோபத்துடன் நடத்தி, நடுவிலேயே மாண்டவன். யாகத்துக்கு வேண்டிய குலமும் ஓத்தும் அவனிடம் இருந்தன, விச்வாஸம் இல்லை. நம்பாடுவான் சொன்னபடி வந்து நின்றதைக் கண்டதும் அது திகைத்தது. உன்னைத் தின்னவேண்டாம், பாட்டின் பலனைக் கொடு என்றது. அவர் மறுத்தார், உடலைத் தருவதாகத்தான் வாக்கு, பாட்டை விலைபேச வரவில்லை. பாதியாவது கொடு என்றது, அதற்கும் மறுத்தார். எத்தனை வலிமை அந்த மறுப்பில்! உயிர் தப்புவதற்குக் கூடப் பெருமாள் கைங்கர்யத்தை அவர் விற்கவில்லை. ஆனால் அது பேரத்தை விட்டு, தன் கதையைச் சொல்லி அழுது, காலில் விழுந்து, ரக்ஷிக்கவேண்டும் என்று கேட்டபோது அவர் மனம் இளகியது. கடைசியாகக் கைசிகப் பண்ணில் பாடிய ஒரே பாட்டின் பலனைத் தந்தார். ஊர் தீண்டாத கையிலிருந்து, வேதம் ஓதிய வாய் தன் மோக்ஷத்தைப் பெற்றுக்கொண்டது.

இந்தச் சரித்ரம் திருக்குறுங்குடியில் கைசிக ஏகாதசி இரவில் நாடகமாகவும் நடிக்கப்படுகிறது. இடையில் நலிந்துபோய், 1990களின் பிற்பகுதியில் மீண்டும் செப்பம் பெற்றது. கிழவர் வழிமறித்து ஓடிப்போ என்று சொல்லும் கட்டத்தில், முடிவு தெரிந்த ஜனங்களும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்ப்பார்கள். வேஷதாரி வீணையை மார்போடு அணைத்துக்கொண்டு, கிழவரைக் கும்பிட்டுச் சுற்றிக்கொண்டு, ரக்ஷஸ் நிற்கும் பக்கமே நடப்பார்.