பிள்ளையிடம் கேட்டோமா?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியான அன்று மாலை நம் வீடுகளில் ஓர் ஆலோசனை கூடுவதுண்டு. பெரியவாப்பா வருவார், மாமா வருவார், துபாயிலிருந்து வாப்பாவின் குரல் தொலைபேசியில் வரும். பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பிரிவு, பிறகு எந்தக் கல்லூரி, அதற்கும் பின் எந்த நாட்டு விசா என்பதுவரை பேசி முடித்துவிடுவார்கள். தேர்வு எழுதிய பிள்ளையோ தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நிற்பான். அவனையும் அமர்த்திக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் ஒருவருக்கும் எழாது. பெண்பிள்ளை என்றால் பல வீடுகளில் இந்த ஆலோசனையும் இல்லை.

வளர்த்த கடனுக்கு ஈடாகப் பிள்ளையின் வாழ்நாள் தொழிலைத் தீர்மானிக்கும் உரிமையும் நமக்கு வந்துவிடுகிறதா? பிள்ளை இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம் என்று மேடைதோறும் சொல்கிறோம். அமானிதத்தைக் காப்பவனுக்குப் பொறுப்பு உண்டு, உடைமை இல்லை. விண்ணப்பத் தாளில் கையெழுத்திடும்போது மட்டும் இது நம் நினைவுக்கு வருவதில்லை.

அமெரிக்காவின் பெர்க்லியில் டயானா பாம்ரிண்ட் என்னும் உளவியலறிஞர் 1960களில் பெற்றோரை மூவகையாகப் பிரித்துக் காட்டினார். காரணம் கூறாமல் கீழ்ப்படியச் செய்வோர் ஒரு வகை. எதையும் தடுக்காதோர் மற்றொரு வகை. கண்டிப்போடு காரணமும் கூறிப் பிள்ளையின் சொல்லுக்கும் செவி கொடுப்போர் மூன்றாம் வகை. இந்த மூன்றாம் வகையினரின் வளரிளம் பிள்ளைகளே பள்ளியில் மேம்பட்டிருந்தனர் எனப் பின்வந்த ஆய்வாளர் பலர் கண்டனர். ஆனால் ஆசியக் குடும்பங்களில் இந்தக் கணக்கு அவ்வளவு சரியாகப் பொருந்தவில்லை. சீனப் பெற்றோரின் கண்டிப்பை வெறும் அதிகாரமாகக் கொள்ளலாகாது, அதனுள் அக்கறையும் பயிற்றுவிக்கும் கடமையும் உண்டு என்று ரூத் சாவ் என்பவர் 1994இல் எழுதினார். நம் வீட்டுக் கண்டிப்புக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறோம். கடல் கடந்து உழைத்துப் பணம் அனுப்பும் தகப்பனைக் கொடுங்கோலன் என்று எவர் சொல்வார்? ஆயினும் அந்த அக்கறையைப் பிள்ளை அறிவதற்கு வழி வேண்டாமா? மாதந்தோறும் வரும் பணம் பள்ளிக் கட்டணத்தைச் செலுத்தும்; இன்று வகுப்பில் என்ன நடந்தது என்று அது கேட்காது.

இராமேசுவரத்து ஜைனுலாப்தீன் அதிகம் படித்தவரல்லர், செல்வரும் அல்லர். மகன் அப்துல் கலாம் கலெக்டராக வேண்டும் என்பது அவர் ஆசை. மகனோ விமானப் பொறியியலை நாடினார். தந்தையின் ஆசை அவர் வழியை மறிக்கவில்லை. சென்னையில் படிப்பதற்கான கட்டணத்துக்குத் தமக்கை ஜொஹரா தம் நகைகளை அடகு வைத்தார். ஆசைப்படுவது தகப்பனுக்கு இயல்பு. அதைப் பிள்ளைமேல் சுமத்தாதிருப்பது எவ்வளவு அரிது என்பதை நாம் பட்டே அறிந்தோம்.

நம் மூத்தவன் வணிகவியல் படிக்க விரும்பினான். அண்டை வீட்டுப் பிள்ளைகளெல்லாம் பொறியியலுக்குப் போகிறார்கள் என்று நாம் அறிவியல் பிரிவில் சேர்த்தோம். அதுவரை மாலைதோறும் பள்ளிக் கதைகளை ஓயாமல் சொல்லுபவன், அதன்பின் சொல்வதை நிறுத்திக்கொண்டான். ஒரு நாளும் பள்ளிக்குப் போகாதிருந்ததில்லை. அதனால் குறை ஒன்றுமில்லை என்றே இருந்துவிட்டோம். பட்டம் பெற்றான். இன்று வளைகுடா நாடொன்றில் ஒரு பண்டகசாலையில் கணக்கு எழுதுகிறான்.

இளையவள் இவ்வாண்டு பத்தாம் வகுப்புத் தேறினாள். இம்முறை உறவினர் எவரையும் அழைக்கவில்லை. அவளை அருகில் அமர்த்தி, "என்ன படிக்க விருப்பம், மகளே?" என்று கேட்டோம். அவள் உம்மாவின் முகத்தை ஒருமுறை பார்த்தாள். பின்பு, "நீங்களே சொல்லுங்க, வாப்பா" என்றாள்.