நிரந்தரம் என்னும் சொல்

ஆந்திரத்து நாராயணவனத்துக்காரர் ஒருவர் புத்தூரில் பேருந்து ஏறி, நகரி தாண்டித் திருத்தணியில் இறங்கினால் ஒரு மாநில எல்லையைக் கடந்துவிடுகிறார். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது அந்த எல்லைதான் இடம் மாறியது. மக்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். அந்த எல்லையைத் தாண்டிப் போனவர் எத்தனை ஆண்டு கழித்துத் திரும்பினாலும் இங்கே வாழும் உரிமை கெடுவதில்லை. பிள்ளைகளோடு இருக்கவென்று அமெரிக்க கிரீன் கார்டு பெற்ற பெற்றோர் கடக்கும் எல்லை இத்தகையதன்று.

அதை விளங்கிக்கொள்ள ‘நிரந்தரம்’ என்ற சொல்லில் தொடங்கலாம். நிர் என்பது இன்மை. அந்தரம் என்பது இடைவெளி. இடைவெளி இல்லாதது என்பதே வேர்ப்பொருள். வழக்கிலோ ‘என்றும் அழியாதது’ என்று கொள்கிறோம். குடிவரவுச் சட்டம் பற்றி நிற்பது வேர்ப்பொருளை. நிரந்தரக் குடியிருப்புரிமை தொடர்ந்து குடியிருப்பவருக்கே நிலைக்கும்.

இனி, ‘காலாவதி’. அவதி என்றால் எல்லை. அட்டையில் அச்சிட்ட பத்தாண்டு அட்டைக்குரிய எல்லை. அது கடந்தால் அட்டையைப் புதுப்பிக்க வேண்டும், அவ்வளவே. தகுதி அதனால் போய்விடாது. இதன் மறுபக்கம்தான் பலரை இடறுகிறது: அட்டையில் எட்டாண்டு மிச்சமிருக்க, தகுதி உள்ளுக்குள் பட்டுப்போயிருக்கலாம். ஓராண்டோ அதற்கு மேலோ அமெரிக்காவுக்கு வெளியே இருந்தவர் அட்டையை மட்டும் காட்டி நுழைய இயலாது. புறப்படுமுன் அங்கிருந்தே மறுநுழைவு அனுமதிக்கு விண்ணப்பித்திருந்தால் பொதுவாக ஈராண்டு வரை தாங்கும்.

நாள் கணக்கோடு இது முடியவில்லை. கனடா ஐந்தாண்டில் 730 நாள் என்று எண்ணிப் பார்க்கிறது. அமெரிக்கச் சட்டம் கருத்தையும் பார்க்கிறது: வீடு எங்கே, வரி எங்கே, திரும்பும் எண்ணம் எங்கே? ஆண்டுக்கொருமுறை போய்ப் பதினைந்து நாள் தங்கி வந்தால் போதும் என்ற நம்பிக்கை இங்கேதான் உடைகிறது.

விட்டுப்போன தொடர்ச்சிக்குக் காரணமும் உண்டு. 2020 மார்ச் 23 முதல் பன்னாட்டுப் பயணிகள் விமானங்களை இந்தியா நிறுத்தியது. இடுப்பெலும்பு முறிந்து, புத்தூர்க் கட்டுப் போட்டுப் படுத்துவிடும் முதியவரும் உண்டு. தம் கைமீறிய காரணத்தால் தங்கிவிட்டோம் என்று சான்றோடு காட்டக்கூடியவர், திரும்பிவரும் குடியிருப்பாளருக்கான விசாவைத் தூதரகத்தில் கேட்கலாம்.

அப்படி எதுவும் பெறாமல் விமான நிலையத்தில் போய் நிற்பவர் முன்னால் ஐ-407 என்னும் படிவம் நீட்டப்படலாம். உரிமையைத் தாமே விட்டுக்கொடுப்பதாக எழுதித்தரும் தாள் அது. ஒரு நாள் முழுதும் பறந்து களைத்து, ஆங்கிலம் பழகாத அம்மாவோ அப்பாவோ அதில் கையெழுத்திடும் காட்சியை நினைக்கவே எனக்கு வலிக்கிறது. கையெழுத்திடும் கட்டாயம் இல்லை. குடிவரவு நீதிபதி முன் விசாரணை கேட்கலாம். வழக்கில் இறுதி ஆணை வரும்வரை தகுதி முடிந்ததாகாது.

நாராயணவனத்திலேயே இருந்துவிடுவது என்று மனம் துணிந்தவருக்கு அதே ஐ-407 வேறு பொருள் தருகிறது. இங்கிருந்தே அதை நிரப்பி அனுப்பிவிட்டு, பேரக்குழந்தையைப் பார்க்க வருகையாளர் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம்.