வியாழனும் வினையும்

கொழும்பிலே 1867இல் பிறந்து, இராணுவப் பொறியியலாளராய்த் திருகோணமலையில் வாழ்ந்த பேர்சி மோல்ஸ்வேர்த், அங்கே தமக்கென 12.5 அங்குல ஆடி பொருந்திய தொலைநோக்கி ஒன்றை நிறுவி, வியாழனின் மேகப் பட்டைகளிலுள்ள புள்ளிகள் ஒவ்வொன்றும் அதன் நடுக்கோட்டைக் கடக்கும் நிமிடத்தைக் குறித்து வந்தார். பத்து மணி நேரத்துக்குள் ஒருமுறை சுழலும் அக்கோளில், 1901 பெப்ரவரியிலே அவர் கண்ட தென்மண்டலக் கலக்கம், 1908இல் அவர் மறைந்த பின்னரும் பல்லாண்டு நீடித்தது.

அதே வியாழனைத்தான் ஒருகொடவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் நம்மவர், மஞ்சள் வஸ்திரமும் கடலை மாலையும் சாத்திக் குரு பகவானாக வணங்குகின்றனர். வாயுத் திரளை வணங்குதல் தகுமோ என்று இளைஞர் கேட்டால் பெரியோர் சினத்தல் ஆகாது. நியாயமான கேள்வியே அது. வினைப்பயனைக் கிரகங்களே தருவதாகப் பலர் நம்புவர்; ஆனால் வினையே ஜடம் என்றும், அது தானே சென்று செய்தவனைச் சேரமாட்டாது, இறைவனே கூட்டுவிப்பவன் என்றும் சைவ சித்தாந்தம் என்றோ தெளிந்துவிட்டது. வினைக்கில்லாத சுதந்திரம் கிரகத்துக்கு மட்டும் ஏது? மாயையின் காரியமாகிய உலகமும் அந்நெறியில் பொய்யன்று. ஆதலால் அதை அளந்தறியும் முயற்சியைச் சமயத்துக்குப் பகையென்று கருத என் மனம் ஒப்பவில்லை. கதிரொளியின்றிக் கண் காணாதவாறே அருளின்றி ஆன்மா அறியாது என்னும் சித்தாந்த உவமை, தொலைநோக்கியருகே இருளில் கண் பழகக் காத்திருப்பவனுக்கு எத்துணை நெருக்கமாகப் புரியும்! வியாழனும் சூரியனின் இரவல் ஒளியாலன்றோ விளங்குகிறது.

மோல்ஸ்வேர்த்தைப் போல வெள்ளவத்தை மொட்டைமாடியில் தொலைநோக்கிக் கூடமொன்றை அமைத்தால், கடற்காற்றின் உப்பு ஆடியின் பூச்சை அரிக்கும். நகர வெளிச்சம் மங்கிய விண்மீன்களை விழுங்கும். ஆயினும் வியாழனின் பட்டைகளும் அதன் நான்கு பெருஞ்சந்திரன்களும் ஆறு அங்குல ஆடியிலேயே தெளிவாகத் தெரியும்.